ஆயுள் காப்பீட்டைச் சொல்லித் தரப் போகிறீர்களா? கிளெய்மிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் சொல்லித் தருகிறேன். ஆயுள் காப்பீடு பற்றிச் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஓர் இணையதளமும், சின்னச் சின்ன வீடியோக்களும் தயாரிக்க என் மாணவர்களோடு சேர்ந்து திட்டமிட்டிருக்கிறேன். முதலில் சுற்றுவட்டார மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொண்டுபோக எண்ணம். காப்பீட்டின் வரலாறு, பாலிசி வகைகள், நன்மைகள், வரிச் சலுகை, கலைச்சொற்கள் என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறோம். இது சரியான வழிதானா? காப்பீட்டு நிறுவனம் ஒன்று செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறது, வாங்கலாமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா? வீடியோ, எழுத்து இரண்டில் எதற்கு முதலிடம் தருவது?

— வாசகி, ஈரோடு

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் ஐந்து பகுதிகளில் முதல் மூன்றை எடுத்துவிடுங்கள். 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்ஐசி பிறந்தது என்பது உங்கள் மாணவர்களுக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தரும். சத்தியமங்கலத்தில் பூ கட்டுகிற அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வகைகள், நன்மைகள் பகுதிகளும் அப்படித்தான். ஏஜென்ட்டின் பையிலிருக்கும் கையேட்டில் அதெல்லாம் உங்களால் முடிவதைவிட வழவழப்பான தாளில், கலர் படத்தோடு ஏற்கெனவே இருக்கிறது. அதையே இன்னொரு முறை எழுதினால் விற்பனைக்கு இலவசமாக உதவி செய்தவர்களாவீர்கள்.

நான் பல வருடம் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில், அதாவது இறந்தவரின் குடும்பம் காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிற இடத்தில் இருந்தவன். இப்போது கமிஷன் வாங்காமல் ஆலோசனை மட்டும் சொல்கிறேன். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: காப்பீடு என்றால் என்னவென்று தெரியாததால் பணம் இழந்த குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு காகிதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் இழந்தவர்கள்தான் அதிகம். கையெழுத்துப் போடுகிற நாள், பாலிசி பத்திரம் வந்து சேர்கிற நாள், பிரீமியம் கட்டத் தவறிய மாதம், "இதை முடிச்சுட்டுப் புதுசு போட்டுக்கலாம்" என்று யாரோ சொல்கிற நாள், அப்புறம் வீட்டில் ஒருவர் இறந்த நாள். உங்கள் தளத்தை இந்த நாட்களைச் சுற்றிக் கட்டுங்கள். அதிலும் கடைசி நாளை முதலில் எழுதுங்கள். கிளெய்ம் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிட்டால், முந்தைய நாட்களில் எதைச் சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

முக்கியமாகச் சிக்குகிற இடம் முன்மொழிவுப் படிவம், அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம். நம் ஊர்களில் அதைப் பெரும்பாலும் ஏஜென்ட் நிரப்புகிறார், வாடிக்கையாளர் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். இப்போது டேப்லெட்டில் ஓடிபி. "சுகர் இருக்குன்னு எழுதினா மெடிக்கல் கேப்பாங்க, இழுத்துக்கிட்டே போகும், விடுங்கக்கா" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் நாலு வருடம் கழித்தோ நாலு மாதம் கழித்தோ மருத்துவமனை ரெக்கார்டாகத் திரும்பி வருகிறது. பாலிசி எடுத்து மூன்று ஆண்டுக்குள் மரணம் என்றால் நிறுவனம் விசாரிக்கும். எந்த மருத்துவமனையில் எப்போதிலிருந்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அந்த விசாரணையின் வழக்கமான வேலை.

அதனால் உங்கள் முதல் பெரிய பக்கம் அந்தப் படிவமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, அது எதற்குக் கேட்கப்படுகிறது, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், மறைத்தால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். புகையிலை கேள்வியில் சிகரெட் மட்டும் இல்லை, வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் உதட்டுக்கடியில் வைக்கிற பொட்டலமும் சேரும் என்று சொல்லுங்கள். பலருக்கு அது புகையிலைப் பழக்கம் என்றே தோன்றுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பாலிசிகளைக் கேட்கிற கேள்வியும் அப்படித்தான், பழைய சின்ன பாலிசிதானே என்று விட்டுவிடுகிறார்கள். சுகர் இருப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் நடப்பது, பிரீமியம் கொஞ்சம் கூடுவதுதான். மறைத்தால் போவது முழுத் தொகை.

இங்கே காப்பீட்டுச் சட்டம் 1938-இன் பிரிவு 45-ஐச் சொல்லியே ஆக வேண்டும். இணையத்தில் இதைப் பாதியாக மட்டும் சொல்கிறார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்தைச் சொல்லியும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது. இது உண்மை, பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த மூன்று ஆண்டு எப்போதிலிருந்து? பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், நின்றுபோனதை உயிர்ப்பித்த நாள், ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பு) சேர்த்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. ஏழு வருடம் கட்டி, ஒரு வருடம் விட்டு, மறுபடி உயிர்ப்பித்த பாலிசிக்குக் கணக்கு புதிதாக ஓடத் தொடங்கும். "மூணு வருஷம் தாண்டினா கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துடணும்" என்று வீடியோ போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆகிக் கிடக்கிற பாலிசிக்கு இந்தப் பிரிவு உயிர் கொடுக்காது என்பதையும் சொல்வதில்லை. இன்னொன்று: மூன்று ஆண்டுக்குள் தவறான தகவல் என்று கிளெய்மை மறுத்தாலும், அது மோசடி என்று நிரூபிக்கப்படாதவரை, கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் நொந்துபோய் வீட்டுக்குப் போய்விடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

அடுத்தது நாமினி. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், பாலிசியில் இன்னும் அம்மாதான். கல்யாணமானால் நாமினி தானாக மாறிவிடாது. 2015 திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது, வாங்கி மற்ற வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய வெறும் பொறுப்பாளர் அல்ல. அதாவது, மேலே சொன்ன வீட்டில் மருமகளுக்குச் சட்டப்படி எதுவும் வராமல் போகலாம். தம்பியையோ மாமாவையோ போட்டிருந்தால் கதை வேறு: அவர் வாங்கித் தருபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. நாமினி மைனர் என்றால் அவர் சார்பில் பணம் வாங்க ஒருவரை நியமிக்க வேண்டும். நாமினி இறந்துவிட்டு வேறு யாரையும் போடாமல் விட்டிருந்தால், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், சில நேரம் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் என்று அலைச்சல். இவ்வளவையும் ஒரே பக்கத்தில், நாலு குடும்பங்களின் கதையாகச் சொல்லிவிடலாம்.

உங்கள் பகுதியில் விசைத்தறி வைத்திருப்பவர்கள், ஜவுளி வியாபாரம் செய்பவர்கள், கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவர்கள் நிறைய. அவர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் போடுங்கள்: 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். இந்தச் சட்டத்தின்கீழ் கணவர் தன் பேரில் எடுக்கும் பாலிசியின் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும், கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. ஆனால் பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. எடுத்த பிறகு பயனாளியை நினைத்தபடி மாற்றவும் முடியாது. நூற்றைம்பது ஆண்டுப் பழைய சட்டம், செலவே இல்லை, இருந்தும் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்காமல் சொல்கிற ஏஜென்ட்டுகள் அதைவிடக் குறைவு.

சரி, சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு வருகிறேன். அவர்களிடம் போய் "காப்பீடு எடுங்கள்" என்று தொடங்காதீர்கள். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே காப்பீடு இருக்கிறது, தெரியாது, அவ்வளவுதான். பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கணக்கிலிருந்து தானாகக் கழியும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்து மரணத்துக்கே கிடைக்கும். 18-லிருந்து 50 வயதுக்குள் சேர வேண்டும், தொடர்ந்து கட்டினால் 55 வயது வரை காப்பு. சுரக்ஷா பீமா திட்டத்தில் 20 ரூபாய்க்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம், 70 வயது வரை. கணக்குத் தொடங்கியபோது பேங்க்கில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை. கணவர் இறந்து, பாஸ்புக்கை மூடி, மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பாஸ்புக்கிலேயே மே மாதக் கடைசியில் 436 என்று ஒரு வரி இருந்திருக்கும்.

எனவே உங்கள் முதல் வீடியோ ஒரு பாஸ்புக்காக இருக்கட்டும். மே கடைசி, ஜூன் முதல் வாரம் உள்ள பக்கத்தைத் திருப்பு, 436 இருக்கிறதா, 20 இருக்கிறதா பார். நடுவில் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் மட்டும் 342, 228, 114 என்று குறைவாகவும் இருக்கும். இரண்டு பேங்க்கில் கணக்கு வைத்து இரண்டிலும் கழிந்தாலும் 2 லட்சம் ஒரு முறைதான், அதனால் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள். நாமினி பெயர் என்ன என்று பேங்க்கில் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை நிமிடத்தில் இதெல்லாம் முடிந்துவிடும்.

அதே மாதிரி கடனோடு ஒட்டிய காப்பீடு. குழுக் கடன், மைக்ரோஃபைனான்ஸ் கடன் பலவற்றில் பணம் கைக்கு வரும்போதே காப்பீட்டுக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலவற்றில் கணவர் உயிருக்கும் சேர்த்து. கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடன் அந்தக் காப்பீட்டில் கழிய வேண்டும். ஆனால் இறப்பைத் தெரிவித்து ஆவணம் கொடுத்தால்தான் கழியும். அதைச் சொல்லாமலே மற்ற உறுப்பினர்கள் சேர்ந்து தவணையைக் கட்டிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. கடன் பத்திரத்தோடு காப்பீட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தருவது, எண்டோமெண்ட், மணிபேக் என்கிற சேமிப்புப் பாலிசிகளுக்குள் வித்தியாசம் சொல்லித் தருவதைவிடப் பல மடங்கு உபயோகம்.

பணக் கணக்குக்கு வருவோம். நீங்கள் வணிகவியல் ஆள், இதில் உங்கள் மாணவர்களை நன்றாக வேலை வாங்கலாம். ஒரு சின்னக் கால்குலேட்டர் செய்யச் சொல்லுங்கள்: ஆண்டுப் பிரீமியம், எத்தனை ஆண்டு, முடிவில் வரும் தொகை, இந்த மூன்றையும் போட்டால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். எக்செல்லில் ரேட் என்கிற சூத்திரமே போதும். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டு கட்டினால் மொத்தம் 10 லட்சம். முடிவில் சுமார் 17.36 லட்சம் கிடைக்கிறது என்று வையுங்கள். "பத்து கட்டினா பதினேழரை" என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 5 சதவீதம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால், அந்த 17.36 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 5.4 லட்சம். இதை நீங்கள் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணைக் காட்டினால் போதும், மக்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். சீட்டுக் கட்டுகிற பெண்களுக்குத் தள்ளுக்கணக்கு தெரியும், இது தெரியாதா?

போனஸ் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். "ஆயிரத்துக்கு 40 ரூபாய் போனஸ்" என்று ஏஜென்ட் சொல்வார். அது கட்டிய பிரீமியத்தில் ஆயிரத்துக்கு இல்லை, காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு. 5 லட்சம் பாலிசி என்றால் ஆண்டுக்கு 20,000 சேரும். கையில் வராது, போனஸுக்கு மேல் போனஸும் ஏறாது, முதிர்விலோ மரணத்திலோதான் கிடைக்கும். இதை ஆண்டுதோறும் வரும் வட்டி என்று நம்பி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அதேபோல் பாலிசி விற்கும்போது காட்டும் பலன் விளக்கப் பட்டியலில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்தி இருக்கும். விரல் எப்போதும் 8 சதவீதப் பத்தியில்தான் இருக்கும். இரண்டுமே அனுமானங்கள். நிறுவனத்தின் முதலீடு அவ்வளவு சம்பாதித்தால் என்ன ஆகும் என்ற கணக்கு, செலவும் காப்புக் கட்டணமும் போகத்தான் நமக்கு வரும். "உத்தரவாதம்" என்று தலைப்பிட்ட பத்தி தனியாக இருக்கும், அதில் விரல் வைத்துப் படிக்கச் சொல்லித் தாருங்கள்.

குழந்தைகள் பேரில் பாலிசி எடுப்பதைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: யாருடைய உயிருக்குக் காப்பு என்பதுதான் முதல் கேள்வி. சம்பாதிக்கிற அப்பாவின் உயிருக்குக் காப்பு இல்லாமல், ஆறு வயதுப் பிள்ளையின் உயிருக்குக் காப்பு எடுத்து என்ன பயன்? அப்பா இறந்தால் பிரீமியம் தள்ளுபடி ஆகும் வசதி அந்தப் பாலிசியில் இல்லையென்றால், அப்பாவோடு பாலிசியும் நின்றுபோகும். பெயரில் குழந்தை இருப்பதாலேயே அது குழந்தைக்கான பாலிசி ஆகிவிடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுங்கள். டெர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல் உயிருக்குக் காப்பு மட்டும் தருவது) பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டார்கள், நீங்கள் ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம்.

பத்திரம் வந்து சேர்ந்த பிறகு 30 நாள் இருக்கிறது. பிடிக்கவில்லை, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் அந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். காப்பு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் போக மீதி வரும். முன்பு நேரில் வாங்கிய பாலிசிக்கு 15 நாளாக இருந்ததை 2024-இல் எல்லாவற்றுக்கும் 30 ஆக்கினார்கள். இதற்கு ஒரு பக்கம் எழுதுவதைவிட, பத்திரம் கிடைத்த தேதியைப் போட்டால் கடைசித் தேதியைச் சொல்லும் ஒரு சின்னக் கருவி போதும். கூடவே, அந்த நாட்களில் சரிபார்க்க வேண்டியவை: பெயர், பிறந்த தேதி, நாமினி, எத்தனை ஆண்டு கட்ட வேண்டும், முன்மொழிவுப் படிவ நகலில் நோய் பற்றிய கேள்விகளுக்கு என்ன பதில் டிக் ஆகியிருக்கிறது. "ஒரு தடவை கட்டினா போதும்" என்று சொல்லி விற்றது ஆண்டுதோறும் கட்டும் பாலிசியாக இருப்பதை இங்கேதான் பிடிக்க முடியும். முதல் பிரீமியத்தில் பாதியைத் தானே கட்டுவதாகச் சொல்லும் ஏஜென்ட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுங்கள். அது பிரிவு 41-இன்படி குற்றம், 10 லட்சம் வரை அபராதம் உண்டு. வாங்கிக்கொள்வதும் தப்புதான்.

தவணை தவறினால் மாதப் பிரீமியத்துக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் அவகாசம். அந்த அவகாசத்தில் மரணம் நேர்ந்தாலும் காப்பு உண்டு. அது தாண்டி லேப்ஸ் ஆனால் சாதாரண பாலிசிக்கு ஐந்து ஆண்டு, யூலிப்புக்கு (சந்தை முதலீட்டோடு சேர்ந்த பாலிசி) மூன்று ஆண்டு வரை உயிர்ப்பிக்கலாம். சரண்டர், அதாவது பாலிசியை நடுவிலேயே முடித்துப் பணம் வாங்கும் விஷயத்தில் விதி மாறியிருக்கிறது: 2024 அக்டோபர் 1 முதல், ஓர் ஆண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டி முதல் ஆண்டு முடிந்திருந்தால் அதற்கேற்ற ஒரு சரண்டர் தொகை தர வேண்டும். அதற்காகச் சரண்டர் செய்வது லாபம் என்று அர்த்தமில்லை. நான்காம் ஆண்டில் கணக்கை முடித்தால் உத்தரவாதமான சரண்டர் மதிப்பு கட்டியதில் பாதி, இரண்டாம் ஆண்டில் 30 சதவீதம்தான். "பழசை முடிச்சுட்டுப் புதுசு" என்று சொல்கிறவருக்கு முதல் ஆண்டுக் கமிஷன் மறுபடி கிடைக்கும். வாடிக்கையாளருக்கோ வயதுக்கேற்ற கூடுதல் பிரீமியம், மறுபடி தொடங்கும் மூன்றாண்டுக் கணக்கு. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், கட்டாமல் விட்டு பேய்டு-அப் ஆக (கட்டிய அளவுக்குக் குறைந்த காப்போடு) வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த விதிகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன பாருங்கள். டெர்ம் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று சொல்லும் தமிழ் வீடியோக்கள் இன்னும் ஓடுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரிச் சலுகை என்று நீங்கள் வைத்திருக்கும் நான்காவது பகுதி அதைவிடச் சீக்கிரம் பழசாகிவிடும். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்குப் பிரீமியத்துக்குக் கழிவே இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. சுயஉதவிக் குழுவில் வரி கட்டுகிறவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்து, அந்தப் பகுதியை ஒரு பத்தியாகச் சுருக்கிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தைப் போடுங்கள். ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்க ஆள் இல்லையென்றால் பக்கங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துப் பக்கம் போதும். கலைச்சொற்கள் பகுதி தனியாக வேண்டாம், அந்தந்தச் சொல் வருகிற இடத்திலேயே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பத்திரத்தில் அச்சாகியிருக்கும் சொல்லையே போட்டால்தான் அவர்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

நிறுவனத்தின் பணம் வேண்டாம். கெட்ட எண்ணத்தில் தருகிறார்கள் என்று சொல்லவில்லை. மேலே எழுதியிருப்பதில் பாதியை அவர்கள் லோகோவின்கீழ் உங்களால் எழுத முடியாது, அவ்வளவுதான். இந்த வேலைக்குச் செலவும் அதிகமில்லை. சட்டத்தைப் பொறுத்தவரை, பொதுவாக விளக்குவதில் சிக்கல் இல்லை. உரிமம் இல்லாமல் பாலிசி விற்கவோ, விற்பனைக்கு ஆள் பிடித்துத் தரவோ கூடாது. பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டி நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்களை அனுப்பும் தளங்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே "இந்தக் கம்பெனியின் இந்தப் பாலிசி" என்று பெயர் சொல்லிப் பரிந்துரைக்காதீர்கள், எந்தப் பக்கத்திலும் போன் நம்பர் கேட்காதீர்கள், கால்குலேட்டரிலும்கூட. குழுவின் வாட்ஸ்அப்பில் பாலிசி பத்திரத்தைப் படமெடுத்துப் போட்டு "சார் இது நல்ல பாலிசியா" என்று கேட்பார்கள். அதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் "ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்களுக்குப் போனஸ் வந்திருக்கிறது" என்று போன் செய்கிறார்கள். ஆணையம் யாருக்கும் போன் செய்து போனஸ் தருவதில்லை, பாலிசி விற்பதும் இல்லை.

புகார்ப் பக்கம் சின்னதாக இருக்கட்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம், உதவி எண் 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையான விவகாரங்களை எடுத்துக்கொள்வார். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டு வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

வீடியோவா, எழுத்தா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் வேலை வேறு. பாஸ்புக் பார்ப்பது, படிவத்தில் எங்கே என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் வீடியோ. தேதி, தொகை, புகார் வழி எல்லாம் எழுத்து, ஏனென்றால் அதைத் திரும்பத் தேடி வருவார்கள். எழுத்தைப் படமாக மாற்றிப் போடாதீர்கள், தேடலில் அகப்படாது, கண் தெரியாதவர்களின் போன் அதைப் படித்துக் காட்டாது. இதோடு அச்செடுக்க ஒரு தாள்: வீட்டில் உள்ள எல்லாப் பாலிசிகளும், எண், நாமினி, பத்திரம் எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கில் 436 கழிகிறது. கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து நிரப்ப வேண்டிய தாள்.

வெளியிடுவதற்கு முன் ஐந்தாறு பெண்களிடம் காட்டிப் பாருங்கள். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள். பேராசிரியர் கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதிரிப் பலன் விளக்கத்தைக் கையில் கொடுத்து, இதில் கட்டாயம் கிடைக்கும் தொகை எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாஸ்புக்கைக் கொடுத்து, இவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு பேரில் மூன்று பேர் தடுமாறினால் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை உங்கள் கல்லூரி நிர்வாகம் கேட்கும், கொடுத்துவிடுங்கள். நீங்கள் கணக்கு வைக்க வேண்டியது, எத்தனை பேர் நாமினியை மாற்றினார்கள், எத்தனை பேர் அந்தத் தாளை நிரப்பினார்கள் என்பதை.

பாஸ்புக் வீடியோவை முதலில் முடித்துவிடுங்கள். ஜீவன் ஜோதி திட்டத்தின் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது, மே 25-லிருந்து 31-க்குள் பணம் கழியும். கணக்கில் அன்று 436 ரூபாய் இல்லையென்றால் காப்பு நின்றுவிடும். எனவே மே மாத நடுவிலேயே அது குழுக்களின் போனில் இருக்க வேண்டும்.